தண்ணீரில் இறங்க வேண்டிய சாறு: மசாலா டீ கேள்வி பதில்

தாராவியில் 20 ஆண்டுகளுக்கு மேல் டீக்கடை நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர், மும்பைத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு அளிக்கும் பதில்கள் இவை.

மாட்டுங்கா வாசகி: ஐயா, கடையில் அரை கிளாஸாகத் தரும் கட்டிங் டீயின் திடம் வீட்டில் வருவதே இல்லை. தூளைக் கூட்டிப் போட்டால் கசக்கிறது.

பதில்: தூளைக் கூட்டாதீர்கள், அம்மா, பாலைச் சற்றுத் தாமதமாக ஊற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் பாலையும் தண்ணீரையும் ஒன்றாக வைத்து அதில் தூளைப் போடுகிறார்கள். கொழுப்பும் புரதமும் நிறைந்த பாலில் தேயிலையின் சாறு தண்ணீரில் இறங்குவதைப் போல இறங்குவதில்லை. இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீரை வைத்து, கட்டை விரல் நுனியளவு இஞ்சியையும் 2 ஏலக்காயையும் ஒரு கிராம்பையும் தட்டிப் போட்டு, 3 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு தலை தட்டி அளந்த 2 தேக்கரண்டி தூளைப் போட்டு, மேலும் 2 நிமிடம் கொதிக்கட்டும். அந்தச் சாற்றைக் கரண்டியில் அள்ளிப் பார்த்தால் அடி தெரியாத அளவுக்குக் கறுத்திருக்க வேண்டும். அப்போதுதான் காய்ச்சிய சூடான பால் 200 மில்லியையும் சர்க்கரையையும் சேர்க்க வேண்டும். பொங்கி மேலே வரும்போது தீயைத் தணித்து, அடங்கியதும் மறுபடி ஏற்றி, இப்படி மூன்று முறை பொங்கவிட்டால், ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு வளையம் படியும். அந்த வளையம் தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் வருவது திடமன்று, துவர்ப்பு.

செம்பூர் வாசகர்: இஞ்சி போட்டால் சில நாட்களில் பால் திரிந்துவிடுகிறதே?

பதில்: பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கொதிநீரில் வெந்தால் அது செயலிழந்துவிடும். கடை தொடங்கிய புதிதில், மழை கொட்டிய ஒரு விடியற்காலையில், அவசரத்தில் இஞ்சியைத் தட்டி நேராக வெதுவெதுப்பான பாலில் போட்டுவிட்டேன். 5 லிட்டர் பாலும் என் கண்ணெதிரே திரிதிரியாகப் பிரிந்தது; வாசலில் வேலைக்குப் போகிறவர்கள் காத்து நின்றார்கள். அன்றிலிருந்து இஞ்சி வேகாமல் பாலைத் தொட்டதில்லை. வெல்லம் சேர்ப்பவர்களும் அடுப்பை அணைத்த பிறகே சேர்ப்பது நல்லது.

டோம்பிவிலி வாசகி: அஸ்ஸாம் தூளா, நீலகிரித் தூளா?

பதில்: பால் டீக்கு எதுவானாலும் சி.டி.சி. தூளாக இருக்கட்டும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த முறை 1930களில் அஸ்ஸாமில் உருவானது; குறுணையாக இருப்பதால் நிறமும் சாறும் விரைவாக இறங்குகின்றன. அஸ்ஸாம் தூள் திடம் தரும், நீலகிரித் தூள் மணம் தரும். மூன்றுக்கு ஒன்று என்று கலந்ததுதான் எங்கள் கடைக் கணக்கு.

கோரேகாவ் வாசகர்: எங்களுக்குத் தபேலா எனப்படும் மாட்டுக் கொட்டகையிலிருந்து எருமைப்பால் வருகிறது.

பதில்: கொழுப்பு மிகுந்த பால் அது. தண்ணீர் 250, பால் 150 என்று மாற்றிக்கொள்ளுங்கள். தூளின் அளவு அதேதான்.

முலுண்ட் வாசகி: கடையில் விற்கும் மசாலாப் பொடியைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் ஏலக்காயின் மணம் அரைத்த சில நாட்களிலேயே பறந்துவிடும் என்பதால், அன்றன்று தட்டிப் போடுவதையே நான் சொல்வேன். அதைவிட, நாம் வாழும் ஊரின் வாசனை ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் புதினாவோடு சேர்த்துக் கட்டாகக் காய்கறிக்காரர்கள் விற்கும் எலுமிச்சைப் புல்லை மராத்தியர் கவதி சஹா என்பார்கள். இரண்டு தாள்களை மடித்துக் கிள்ளி, இஞ்சியோடு தண்ணீரிலேயே போடுங்கள். அன்றைக்குக் கிராம்பு வேண்டாம், புல்லின் மணத்தை அது அமுக்கிவிடும்.