பழைய ரியோஹா பாட்டிலைத் திறக்கும் முன்

கேள்வி: 1964-ம் வருட ரியோஹா கிரான் ரிசர்வா (ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் நீண்ட காலம் முதிரவைத்து விற்கும் சிவப்பு ஒயின்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இன்னும் நன்றாக இருக்குமா என்று திறக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு 1964 அறுவடைக்கு மிக உயர்ந்த தரமான ‘எக்ஸலென்ட்டே’வைக் கொடுத்தது. ஆனால் இந்த வயதில் வருடத்தைவிடப் பாட்டில்தான் முக்கியம். ஒரே பெட்டியில் இருந்த இரண்டு பாட்டில்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. நிமிர்த்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்தடியிலோ தோளின் மேல் வளைவிலோ இருந்தால் நம்பலாம். நடுத்தோள் என்றால் சந்தேகம்தான். அதற்கும் கீழே போயிருந்தால் கார்க் வழியாகக் காற்று புகுந்திருக்கும், ஆசை வைக்காதீர்கள். செங்கல் நிறமும் ஆரஞ்சு ஓரமும் வயதின் அடையாளங்கள், கோளாறு அல்ல.

கேள்வி: கார்க் உடையாமல் எடுப்பது எப்படி? வண்டலை என்ன செய்வது?

பதில்: அவசரம்தான் இங்கே முதல் எதிரி. குறைந்தது இரண்டு நாள் குளிர்ந்த இடத்தில் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். நிறமிகளும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனமாகி இறங்கியதுதான் வண்டல். குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் கலங்கிவிட்டால் கசப்பும் நறநறப்பும் வரும்.

மேல் உறையைப் பாட்டிலின் உதட்டுக்குக் கீழே வெட்டுங்கள். கார்க்கின் தலையில் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய கார்க் நடுவில் பொடிந்திருக்கும். சாதாரணத் திருகி அந்த நடுப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு தகடு உள்ள திறப்பானே நல்லது. நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். கார்க் தளர்வாக இருந்தால் தகடுகள் அதை உள்ளே தள்ளிவிடும், கவனம். பாதியில் உடைந்தால், மீதியில் திருகியைச் சாய்வாக இறக்குங்கள். அதுவும் உள்ளே விழுந்தால் சோப்பு வாசனை இல்லாத மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே விளக்கு இருக்கட்டும். நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் டிகான்டருக்குள் (ஒயினை வண்டல் இல்லாமல் மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) சாய்த்து ஊற்றுங்கள். வண்டல் புகை இழை போலத் தோளுக்கு வரும். அந்த நொடியே நிறுத்துங்கள். கடைசி 50 மில்லி போனால் போகட்டும்.

கேள்வி: சில மணி நேரம் காற்றாட விட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது இளம் ஒயினுக்கான வைத்தியம். மரபான ரியோஹா 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் மெதுவாகக் காற்றைப் பார்த்து வளர்ந்தது. மிச்சம் இருக்கும் பழ வாசனை அரை மணியில் மறைந்துவிடலாம். 16, 17 டிகிரியில் கொஞ்சமாக ஊற்றி உடனே சுவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி சுவைத்துப் பாருங்கள். 20 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் முன்னே வந்து மற்றதை மூடிவிடும்.

கேள்வி: சில பாட்டில்களைச் சுற்றிப் பொன்னிறக் கம்பி வலை இருக்கிறதே?

பதில்: பாட்டிலைத் திறந்து மட்டமான ஒயினை நிரப்பி விற்பதைத் தடுக்க வந்தது. வலையை அறுக்காமல் கார்க்கை எடுக்க முடியாது. இன்று அது அலங்காரம்.

கேள்வி: திறந்ததும் மக்கிய வாசனை வந்தால் கெட்டுவிட்டதா?

பதில்: உடனே கொட்டிவிடாதீர்கள். பல வருடம் அடைபட்ட வாசனை பதினைந்து, இருபது நிமிடத்தில் விலகும். அதன் பின்னால் உலர் அத்தி, தோல், புகையிலை, காளான், ஆரஞ்சுத் தோல் எல்லாம் வரும். அமெரிக்க ஓக் தந்த வனிலாவும் தேங்காயும் மெலிதாகத் தெரியலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் அது கார்க் கறை, அதாவது கெட்ட கார்க்கிலிருந்து ஒயினுக்கு ஏறிய வாடை. நேரம் ஆக ஆகக் கூடும், தீராது. வினிகரோ நகப்பூச்சு நீக்கியோ லேசாக மணந்தால் இந்த வயதில் பொறுத்துக்கொள்ளலாம், மூக்கைக் குத்தினால் முடியாது. அடிபட்ட ஆப்பிள் வாசனையோடு வாயில் வெறுமையும் இருந்தால், காற்று தன் வேலையை முடித்துவிட்டது.