லோரி திரும்புவதற்குள் ஒரு படம்

கேள்வி: தினமும் ஒரு நீர்வண்ணப் படம் அல்லது ஒரு கோட்டுப் படம் வரைவது என்று சவால் எடுக்கிறேன். பத்து நாளைத் தாண்டுவதில்லை. விடாமல் வரைகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விடாமல் வரைகிறவள் இல்லை. 2022 ஜூலையில் தொடங்கினேன். வரைந்ததை எல்லாம் பின்பக்கம் தேதி போட்டு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைக்கிற பழக்கம். போன மாதம் அம்மாவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம்: 740 படம். நாள் கணக்குப்படி ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, மூன்று நாளில் ஒரு நாள் ஏமாற்றியிருக்கிறேன். ஆனாலும் நிற்கவில்லை. அந்த அளவுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை (பாமாயில்) ஆலை ஒன்றில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஓவியம் படித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இதற்கு முன் 2021 அக்டோபரில் ஒரு தடவை முயன்று ஒன்பதாம் நாள் விட்டேன். அது இங்க்டோபர் சவால். ஜேக் பார்க்கர் என்கிற அமெரிக்க ஓவியர் தன்னுடைய மைக்கோடு தேற வேண்டும் என்று 2009இல் தனக்காகத் தொடங்கியது. பிறகு ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு மைப்படம். தினமும் முடியாதவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரையலாம், வாரத்துக்கு ஒன்றுகூட வரையலாம் என்று அந்தச் சவாலிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமல் விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். ஏ4 தாள். நேரம் இரவு பத்து மணி, சமையல் கட்டை ஒழித்து, பாத்திரம் கழுவி, மறுநாள் பசியாறலுக்குக் கடலை ஊறப்போட்ட பிறகு. அந்த நேரத்தில் கை பென்சிலைத் தேடுமா, தலையணையைத் தேடுமா?

அடுத்த ஜூலையில், உலக நீர்வண்ண மாதம் என்று 2016இல் சார்லி ஓஷீல்ட்ஸ் தொடங்கி வைத்த அந்த மாதத்தில், மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை இரவை விட்டுவிட்டு ஆலையில் வரைந்தேன். எடைமேடை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேடைமேல் ஏறும், மொத்த எடை எடுப்போம். உள்ளே போய்க் குலையைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடி எடை எடுப்போம். இரண்டையும் கழித்தால் குலையின் எடை. போவதற்கும் வருவதற்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். வேறு லோரி இல்லை என்றால் அந்த நேரத்தில் எனக்கு வேலையே கிடையாது. முன்பெல்லாம் போனை நோண்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள் நாளிலும் இப்படி ஒரு காத்திருப்பு நிச்சயம் இருக்கும். பிள்ளையைத் டியூஷனில் விட்டுவிட்டு மோட்டாரில் உட்கார்ந்திருக்கிற நேரம், கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற வரை இருக்கிற நேரம். வரைவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் அதை வீட்டில் ஆளுக்கொருவர் பிடுங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே வீணாகிற நேரத்தை யாரும் கேட்டு வருவதில்லை. மனவுறுதி, லட்சியம் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு அது இருந்திருந்தால் ஒன்பதாம் நாள் விட்டிருக்க மாட்டேன்.

பதினைந்து நிமிஷம் என்றால் தாளும் சின்னதாக வேண்டும். ஏ4 நீர்வண்ணத் தாளை நாலாகக் கிழித்தால் ஏ6, அதாவது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு மேல் நான் போவதில்லை. தாள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற டிராயிங் பிளாக்கில்தான் நான் தொடங்கினேன். தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது, வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கியது. சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ள தாள் அவ்வளவாக வளையாது. வண்ணத்துக்கு அப்படி இல்லை, பிள்ளைகளின் பூஞ்சோ டியூப்பே ஒரு வருஷம் ஓடியது. தூரிகை ஒன்று போதும், நுனி கூராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். "முதல் பூச்சு காய இரண்டு நிமிஷம் பொறுங்கள்" என்பார்கள். இங்கே மழை விட்ட சாயங்காலத்தில் இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பி அடுத்த பூச்சைத் தொட்டால், தண்ணீர் பின்னால் தள்ளிப் பூக்கோசு மாதிரி விளிம்பு கட்டிவிடும். என் முதல் மாதப் படங்களில் வானம் முழுக்கப் பூக்கோசுதான். புறங்கையைத் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும், ஜில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் ஒரே பூச்சில் முடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன், லோரி காத்திராது. இன்னொன்று, தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். நவம்பர் மழையில் ஒரு முழு அட்டை என்னிடம் பூஞ்சணம் பிடித்தது. வெளியே பார்த்தால் தெரியவில்லை, வண்ணம் பட்டதும் அங்கங்கே தேமல் மாதிரி உறிஞ்சிக்கொண்டது. வண்ணப் பெட்டியையும் ஈரத்தோடு மூடக்கூடாது. தேன் கலந்து செய்கிற வண்ணம் சில உண்டு. அதில் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். எறும்புகளுக்கு நல்ல விருந்து.

அடுத்தது பச்சை. நம்மைச் சுற்றிப் பச்சையைத் தவிர வேறென்ன இருக்கிறது? டியூப்பில் வருகிற பச்சையை அப்படியே பூசினால் செம்பனை மரம் பிளாஸ்டிக் செடி ஆகிவிடும். அல்ட்ராமரின் நீலமும் கம்போஜ் மஞ்சளும் கலந்து, அதில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) போட்டால் ஓலைப் பச்சை வரும். அதே நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் சரிக்குச் சரி கலந்தால் நாலு மணி மழை மேகம் தயார். பர்ன்ட் சியன்னா மட்டும் தனியாக என்றால் தோட்டத்துச் செம்மண் சாலை. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை நிறம் மாறி உதிருமே, அதற்கும் அதுவேதான். நான் வைத்திருப்பது மொத்தம் ஆறு நிறம். குலையின் சிவப்புக்காக ஒன்று கூடுதலாக வாங்கினேன், அதையும் சேர்த்துத்தான் ஆறு.

கம்போஜ் என்றதும் ஒரு கதை. கம்போடியா என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. பழைய காலத்தில் அந்த மஞ்சள், மங்குஸ்தீன் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பால். மரப்பட்டையைக் கீறி, வடிகிற பாலை மூங்கில் குழாயில் பிடித்து, கெட்டியாக்கி விற்றிருக்கிறார்கள். வாயில் பட்டால் வயிற்றைக் கலக்கிவிடும், வெயிலில் வெளுத்தும் போகும். அதனால் இப்போது டியூப்பில் வருவது வேறு ரசாயனம், பெயர் மட்டும் பழையது. வண்ணத் தூளைத் தாளோடு ஒட்ட வைக்கிற பிசினும் ஆப்பிரிக்க வேலமரத்தைக் கீறி எடுப்பதுதான். அழிப்பானுக்கும் நம் தொழிலுக்கும் இன்னும் நெருக்கம். 1770 வாக்கில் பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கப் பயன்பட்டதால்தான் இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்றே பெயர் வந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ உன் பெட்டி முழுக்கப் பால்வெட்டுக்காரன் வேலைதான்னு சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா என் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை "காகிதத்தை வீணாக்குற" என்பதோடு சரி. ஒரு நாள் ரப்பர் மரம் ஒன்று வரைந்து எடுத்துப்போய்க் காட்டினேன். பட்டை, மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்), வெட்டுக்கோடு எல்லாம் இருந்தது. எனக்கே பிடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெட்டு மாறியிருக்கே தாயி. இவனை எந்தத் தண்டல் வேலைக்கு எடுத்தான்?"

தண்டல் என்றால் தோட்டத்து மேஸ்திரி. மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். நான் மாற்றிப் போட்டிருந்தேன். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், பால் கூட வரும். இந்த விளக்கத்தை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் குழாய் கதையெல்லாம் தெரியாது, "அப்படி வெட்டினா பால் வராது" என்பது மட்டும் தெரியும். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கெல்லாம் அவரோடு நிறைக்கு (மர வரிசைக்கு) போய் ஒட்டுப்பால் பொறுக்கியவள் நான். ஆயிரம் மரத்தைப் பார்த்திருப்பேன். வெட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை!

அன்றோடு, நாளுக்கு ஒரு சொல் கொடுத்து வரையச் சொல்கிற இணையத்துப் பட்டியலை விட்டுவிட்டேன். பனி, பூசணிக்காய், இலையுதிர்காலம் என்று வரும். பனியை நான் ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறேன். பார்க்காததை வரைய அடுத்தவர் படத்தைத் தேட வேண்டும், தேடுவதிலேயே பதினைந்து நிமிஷம் போய்விடும். இப்போது பட்டியல் போடுவது அம்மா. உளி, மங்கு, பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற விளக்கு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் படி, கோயில் மணி, இடிந்துபோன கள்ளுக்கடையின் ஒரு சுவர். நடுநடுவே என் பங்குக்கு எடைமேடைச் சாமான்கள்: உதிரிப் பழம், லோரிச் சக்கரம், செம்பனை அடிமரத்தில் மட்டை வெட்டின இடத்திலெல்லாம் முளைத்திருக்கிற பெரணி. ஒரு தடவை கோலகங்சாருக்கு மோட்டாரில் போய், 1877இல் வந்த நாற்றுகளில் மிஞ்சியது என்று சொல்லப்படுகிற பழைய ரப்பர் மரத்தையும் வரைந்து வந்தேன். படம் சரியில்லை. மரம் பெரிசு, தாள் சின்னது.

மனிதர்களை வரைவது கடினம், ஆடிக்கொண்டே இருப்பார்கள். லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் "தங்கச்சி, என்னையும் போடு" என்று விறைத்துக்கொண்டு நின்றார். போட்டுக் கொடுத்தேன். "இது என் மச்சான் மாதிரி இருக்கான்" என்று சொல்லி, மச்சானிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பத்தாம் நாள் ஏன் நிற்கிறது? என் அனுபவத்தில், நிறுத்துவது பத்தாம் நாள் இல்லை, ஒன்பதாம் நாள்தான். காய்ச்சல், விருந்தாளி, கல்யாணம் என்று ஏதோ ஒன்றில் ஒன்பதாம் நாள் தவறிவிடும். பத்தாம் நாள் இரண்டு படம் போட வேண்டும் என்று ஆகிவிடும். பதினோராம் நாள் மூன்று. வட்டிக் கடன் மாதிரி ஏறும், அப்புறம் கடன்காரனைக் கண்டு ஒளிகிற மாதிரி தாளைக் கண்டாலே ஒளிவோம். விட்ட நாளை ஈடுகட்டவே கட்டாதீர்கள். விட்டது விட்டதுதான். மறுநாள் தேதி போட்டு மறுநாள் படம். என் டின்னில் தீபாவளிக்கு முன் வாரம் ஒவ்வொரு வருஷமும் காலி. முறுக்குப் பிழிகிற வாரத்தில் யார் படம் வரைவது?

வேலை நாளில் முடியவில்லை என்றால் பென்சில் கோடு போதும், அதையும் கணக்கில் சேருங்கள். 740இல் பாதிக்கு மேல் வெறும் கோடுதான், சிலது மொய் எழுதுகிற கவரின் பின்பக்கம்கூட இருக்கிறது. பினாங்கின் யோங் முன் சென் (1896–1962) மலேசிய நீர்வண்ணத்தில் முன்னோடி. அவரே சோற்றுக்குப் புகைப்படக் கடை நடத்தியவர். நாம் கிராணி வேலையோடு வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படத்தை இணையத்தில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடுங்கள். ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுங்கள். தினமும் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பதற்கே லோரி திரும்பிவிடும்.

நேற்று படம் இல்லை. கணினி படுத்துக்கொண்டது, லோரி சாலை வரை வரிசை. நாளைக்குக் காண்டாக் கம்பு என்று அம்மா சொல்லியிருக்கிறார், இரண்டு பால் வாளியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவார்களே, அது. எங்கள் வீட்டில் இப்போது காண்டாவும் இல்லை, வாளியும் இல்லை. நாளை எனக்கு ஓய்வு நாள். துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்துத் தானே நின்று காட்டுவதாகச் சொல்கிறார். முட்டி வலி, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டாராம். எனக்கு அது போதும்.