அம்மாவுக்குக் குளிசையை மாற்றிக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வாரம். ட்ரமடோல் என்ற வலிக் குளிசையை நேரத்துக்கு முன்பே கேட்டு அழுகிறார். பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விட்டமின் குளிசையை வலி மருந்தென்று சொல்லிக் கொடுக்கும்படி பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள்.

மாமி சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1978இல் அமெரிக்காவில் கடைவாய்ப்பல் பிடுங்கிய சிலருக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள், வலி தணிந்தது. மோர்பின் வகை மருந்துகளைத் தடுக்கும் நலொக்சோனைப் பிறகு ஏற்றியதும் வலி திரும்பிக் கூடியது. நம்பிக்கை வந்தால் உடம்பு தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஆகவே அம்மாவின் வலியை நடிப்பென்று எவரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்த நம்பிக்கையைப் பொய்யில் கட்டக்கூடாது. குளிசையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விழுங்குகிறவர்களுக்கு நிறமும் கசப்பும் மாறினால் தெரிந்துவிடும். பிறகு உண்மையான மருந்தையும் சந்தேகத்தோடுதான் விழுங்குவார்.

பொய் தேவையும் இல்லை. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகெலும்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் "இதில் மருந்தில்லை" என்று சொல்லியே குளிசை கொடுத்தார்கள். முதலில் அதை உண்மையான வலி மருந்தோடு சேர்த்து விழுங்கப் பழக்கினார்கள். அவர்களுக்கு ஓபியொயிட் எனப்படும் மோர்பின் வகை வலி மருந்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 வீதம் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், வைத்தியர்களின் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் ஏற்றும் வலி மருந்தைவிட, சொல்லிவிட்டு ஏற்றும் அதே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று இத்தாலியில் பெனடெட்டி என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். எனவே குளிசையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். "அம்மா, இது வலிக் குளிசை. ஒரு மணித்தியாலத்தில் தணியத் தொடங்கும்" என்று சொல்லி உங்கள் கையாலேயே கொடுங்கள்.

அடுத்த கிளினிக்கில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: பனடோலை நேரம் தவறாமல் கொடுக்கலாமா, காலுக்கான பயிற்சிக்கு முன் எதைக் கொடுப்பது, ட்ரமடோலை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது. நீங்களாக நிறுத்தவேண்டாம். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்கால் வீக்கம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

குளிசை உறையை உங்களிடமே வைத்திருங்கள். நேரம் எழுதிய தாளைக் கட்டிலருகே ஒட்டிவிட்டு, கொடுத்ததும் கோடு போடும் பேனையை அம்மாவின் கையில் கொடுங்கள்.