மாமரத்தின் தடித்த கிளையை வெட்டும்போது பட்டை ஏன் உரிகிறது?

மேலிருந்து ஒரே வெட்டாக அறுப்பதுதான் காரணம். பாதியிலேயே பாரம் தாங்காமல் கிளை சாய்ந்து, அடிப்பட்டையைத் தண்டுவரை கிழித்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா ரக மாங்காய் அறுவடைக்குப் பின் கவாத்து (கிளை வெட்டிச் சீராக்குதல்) செய்யும் தோப்புகளில் இந்தக் காயத்தை நிறையப் பார்க்கலாம். வேதனையான காட்சி.

முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடியில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். ரம்பம் இறுகத் தொடங்கினால் நிறுத்துங்கள். அதற்கு இரண்டு விரற்கடை வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக முறிந்து விழும். மிஞ்சிய கட்டையை, கிளை பிறக்கும் இடத்துப் புடைப்பை ஒட்டி அறுங்கள். புடைப்பைச் சீவவே கூடாது. புதுப்பட்டை அங்கிருந்துதான் மூடி வரும்.

வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தனித்தனியே 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு அரித்துப்போகும். மாம்பால் தோலைப் புண்ணாக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.