கடையில் "ஜிபே இல்லை, பணம் மட்டும்" என்று போர்டு வைத்திருந்தால் வரி ஏய்ப்பு என்று புகார் கொடுக்கலாமா?

உங்கள் தெரு பேக்கரிக்காரர் இரண்டு மாதமாக ஸ்கேனரை எடுத்துவிட்டார், பன் வாங்கப் போனால் சில்லறை கேட்கிறார், இது வரி ஏய்ப்புதானே, எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிடித்தம் போக மிச்சம் கைக்கு வருகிறவருக்கு இந்தக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அதே போர்டு என் நர்சரி வாசலிலும் தொங்குகிறது. தகரத்தில் சிவப்பு பெயின்ட், நானே எழுதியது. சுருக்கென்று தைத்துவிட்டது, அதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யூபிஐ வசதி வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஆண்டுக்கு 50 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் பண்ணுகிறவர்களுக்குத்தான். பன் விற்று 50 கோடி பார்க்கிறவர் உங்கள் தெருவில் கடை போட்டிருக்க மாட்டார். சரக்கு விற்கிறவருக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவே. தாண்டியவர் பில் போட மறுத்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள். ஸ்கேனர் இல்லை என்பதை மட்டும் வைத்துக் கொடுக்க முடியாது.

2025 ஜூலையில் பெங்களூரில் யூபிஐ வரவுக் கணக்கை வைத்துச் சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், டீக்கடை காய்கறிக்கடையெல்லாம் ஸ்கேனரைக் கிழித்துப் போட்டுவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டியதும் எனக்கும் தெரியும். ஓசூர் வரைக்கும் அந்தப் பேச்சுதான். அதைப் பார்த்துவிட்டு ஸ்கேனர் வைக்காதவனையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

எனக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம் சந்தூர். மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் போதும். ஊரைச் சுற்றி மாங்கன்று நர்சரிகள்தான். செந்தூரா, மல்கோவா, அல்போன்சா, இமாம்பசந்த் என்று ஒட்டுக்கன்று வாங்க ஆந்திரா, கர்நாடகா, தெலங்கானாவிலிருந்தெல்லாம் வண்டி வரும். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கும் இதே தொழில்.

"வரிக்குப் பயந்து ரொக்கம் வாங்குகிறான்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மரக்கன்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நர்சரியில் வளர்த்த நாற்று, கன்று விற்று வரும் காசு விவசாய வருமானம்தான் என்று 2008 நிதிச் சட்டத்திலேயே தெளிவாக்கிவிட்டார்கள், எங்கள் ஆடிட்டர் காட்டினார். ஆக, மறைத்து வைக்க என்னிடம் வரியே இல்லை. சில வருஷம் சவுண்ட் பாக்ஸ் வைத்துத்தான் வியாபாரம் பண்ணினேன். காசு வந்ததைத் தமிழில் அது சத்தமாகச் சொல்லும்போது வருகிறவர் முன்னால் ஒரு பெருமைகூட இருந்தது.

2024 ஆடி மாதம். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்திலிருந்து ஒருவர் பிக்கப் வண்டியோடு வந்தார். அரைநாள் இருந்து, ஒவ்வொரு கன்றின் ஒட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, 150 இமாம்பசந்த் எடுத்தார். கன்று 80 ரூபாய். 12,000 ரூபாயை ஸ்கேன் பண்ணினார். பாக்ஸ் சத்தம் போட்டது. வண்டியில் ஈரச்சாக்கு போட்டு ஏற்றிவிட்டோம். நல்ல மனுஷன், போகும்போது ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினெட்டு நாள் கழித்து பங்க்கில் டீசல் போட்டுவிட்டு போனை நீட்டினால் பணம் போகவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் ஏடிஎம்மிலும் வரவில்லை. பேங்குக்குப் போனால் மேனேஜர் (சின்னப் பையன், நல்லவன்தான்) கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் பெயர், இருப்பு 2,86,000 சொச்சம், பக்கத்தில் சிவப்பு எழுத்து.

"சார், உங்க அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆயிருக்குங்க சார். வடக்க ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷன்ல இருந்து வந்திருக்கு. உங்களுக்கு வந்த பணத்துல 4,500 ரூபா மோசடிப் பணமாம்."

"4,500 தானே? எடுத்துக்கச் சொல்லுங்க."

"அப்படிப் பண்ண முடியாதுங்க சார். ஸ்டேஷன்ல என்ஓசி வாங்கிட்டு வாங்க, ரிலீஸ் பண்ணிடுவோம்."

என்ஓசி என்றால் ஆட்சேபணை இல்லை என்று அவர்கள் தரும் கடிதம். ஸ்டேஷன் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்ட அளவுக்குச் சொல்கிறேன். யாரோ ஒருவர் எங்கோ ஏமாறுகிறார். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணுகிறார். அவர் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அது முதல் அடுக்கு. அங்கிருந்து பிரிந்து போன கணக்குகள் இரண்டாவது அடுக்கு. இப்படியே மூன்று, நான்கு, ஐந்து என்று போகும். வாய்க்காலில் மருந்து கலந்துவிட்டால் கடைசி வயல் வரை போகிற மாதிரி. எத்தனாவது அடுக்கில் இருப்பவன் திருடன், எத்தனாவதில் இருப்பவன் மாங்கன்று விற்றவன் என்று எந்த மெஷினும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாக் கணக்குக்கும் பூட்டு. நான் ஆறாவது அடுக்காம்.

ஏமாந்தவரின் பணத்தை உடனே நிறுத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் நிறுத்த வேண்டும். என் சித்தப்பாவே கரண்ட் பில் பெயரைச் சொல்லி வந்த ஒரு லிங்க்கைத் தொட்டு 40,000 ரூபாய் விட்டவர். அன்றைக்கே 1930-க்கு அடித்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் அதைக் குறை சொல்லவில்லை. 4,500-க்காக 2,86,000-ஐப் பூட்டியதைத்தான் சொல்கிறேன். எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பூட்டியதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்களிடம் கூலி நாள். ஒட்டுக் கட்டுகிற பெண்கள் பதினோரு பேர். தாய்ச்செடிக் குச்சியைச் சீவி, கன்றின் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நாடா அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் எல்லாருக்கும் ஒரு காய்ப்பு இருக்கும். அன்றைக்குக் கணக்கு நோட்டை முடித்துவிட்டு, பேங்கில் பணம் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து கட்டுகிற பெரியம்மா ஒருத்தர்தான் வாய் திறந்தார்.

"இருந்தா குடு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதுக்குப்பா பேங்கு மேல பழியப் போடற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போனைக் காட்டினேன், அதில் 2,86,000 என்றுதான் தெரிகிறது! பணம் இருக்கிறது, ஆனால் இல்லை என்பதை எப்படிப் புரியவைப்பது? வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துத்தான் மூன்று வாரக் கூலி கொடுத்தேன். ஊரில் "அவன் ஏதோ சைபர் கேஸ்ல மாட்டிக்கிட்டானாம்" என்று கிளம்பிவிட்டது. அது இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஹிந்தி எனக்கு வராது. அக்கா மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அவளுக்கு வரும். "மாமா, நீங்க பேசாதீங்க, நான் பேசறேன்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் அந்த ஸ்டேஷனுக்கு போன் போடுவாள். முதல் இரண்டு வாரம் யாரும் எடுக்கவில்லை. எடுத்த அன்றைக்கு நேரில் வா என்றார்கள். பிறகு மெயில் போடு என்றார்கள். பில் புத்தகத்தின் கார்பன் பிரதி, நர்சரி லைசென்ஸ், அன்றைக்கு என் பையன் விளையாட்டாக எடுத்த படம் (வண்டியில் கன்று ஏற்றுவது, நம்பர் பிளேட் தெரிகிறது) எல்லாம் அனுப்பினோம். அந்தப் படம்தான் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். பில் போடாமல் கன்று விற்கிறவர்கள் இங்கே நிறைய பேர், அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல் வேறு விஷயம் சொன்னார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 106-வது பிரிவில் போலீஸ் இப்படிப் பிடித்து வைக்கலாம், ஆனால் பிடித்ததை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். என் விஷயத்தில் எந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தார்கள் என்று கேட்டு எழுதினோம். பதிலே வரவில்லை. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மிச்சக் கணக்கைத் திறந்துவிடு என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு நகலையும் வக்கீல் கடிதத்தையும் சேர்த்து பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் அனுப்பினோம். 97-வது நாள் கணக்கு திறந்தது. அந்த 4,500 மட்டும் இன்றுவரை பூட்டில்தான். வக்கீல் செலவும் அடகு வட்டியும் சேர்த்தால் அதைப்போல மூன்று பங்கு போயிருக்கும்.

இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாக ஒரு கணக்கைப் பூட்டுகிறார்களே, அந்த வேகம் மற்ற விஷயத்தில் எங்கே போகிறது என்பது என் வயிற்றெரிச்சல். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 2025-ல் பெங்களூரா மாங்காய் எங்கள் பக்கம் கிலோ நான்கு ஐந்து ரூபாய்க்கு வந்தது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டாமல் மரத்தடியிலேயே கொட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஆந்திராவில் மாங்கூழ் கம்பெனி 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் கிடைக்க வழி செய்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மரம், அதே காய், அதே கூழ். நாங்கள் ரோட்டில் உட்கார்ந்ததுதான் மிச்சம். இப்போது கன்று வாங்க வருகிறவர்கள் பெங்களூராவை மட்டும் காட்டாதே என்கிறார்கள். நான்காயிரம் கன்று பாக்கெட்டிலேயே வேர் சுருண்டு கிடக்கிறது. சரி, விடுங்கள்.

பேக்கரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எந்தக் காரணத்துக்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. வரிக்குப் பயந்தும் எடுத்திருக்கலாம், இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒருநாள் பன் வாங்கும்போது, "ஏண்ணா ஸ்கேனரை எடுத்துட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்களேன். என்னை யாரும் கேட்கவில்லை.

நீங்களும் கடை வைத்திருப்பவராக இருந்தால் ஒன்று செய்யுங்கள். யூபிஐக்குத் தனிக் கணக்கு, சேமிப்புக்குத் தனிக் கணக்கு, முடிந்தால் வேறு பேங்கில். அடுக்கு அடுக்காக அதையும் தொடுவார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். தொட்டால் தொடட்டும், ஒரே நாளில் எல்லாம் போகாமல் இருந்தால் போதும். என்னிடம் இப்போது உள்ளே மேஜைமேல் ஒரு ஸ்கேனர் இருக்கிறது, உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். வாசல் போர்டு வெளியூர்க்காரர்களுக்கு. இது பாரபட்சம் என்று ஒருத்தர் என்னிடமே சண்டை போட்டார். ஆமாம், பாரபட்சம்தான்.

2025 ஆடியில் அந்த மதனப்பள்ளிக்காரர் திரும்ப வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அவரே போர்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கணக்கும் நான்கு மாதம் பூட்டில் இருந்ததாம். அவர் பண்ணின தப்பு ஒரு எருமையை விற்றது. வாங்கினவன் மகனுடைய சிநேகிதன் போனிலிருந்து பணம் போட்டிருக்கிறான், அந்தச் சிநேகிதன் கணக்குக்கு எங்கிருந்து வந்ததோ. "எருமையும் போச்சு, காசும் போச்சு அண்ணா" என்றார் தெலுங்கில். போன வருஷத்து 150-இல் 141 பிழைத்திருக்கிறதாம், இன்னும் 200 வேண்டுமாம்.

மஞ்சப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டாக எடுத்து 16,000 எண்ணி வைத்தார். நானும் ஒருமுறை எண்ணினேன். எண்ணிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு நோட்டாக வெயிலில் தூக்கிப் பிடித்துக் காந்தி தெரிகிறாரா என்று பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. மிச்ச நோட்டுகளைத் தானே எடுத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.