போன தூதர் ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி (செந்தூல் வாசகி): ஜாலான் அம்பாங்கில் வரிசையாகத் தூதரகங்களைப் பார்க்கிறேன். ஒரு நாட்டுத் தூதர் இன்னொரு நாட்டில் குடும்பத்தோடு வருடக்கணக்கில் தங்குவது எப்போது ஆரம்பித்தது ஐயா? நம் அரசர்கள் காலத்திலேயே தூதர்கள் இருந்தார்களே?

பதில்: இருந்தார்கள் அம்மா. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். ஆனால் போன காரியம் முடிந்ததும் ஊர் திரும்புவதுதான் தூது. ஐரோப்பாவிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது 15ஆம் நூற்றாண்டு இத்தாலி. மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ், போப்பாண்டவரின் ரோம், நேப்பிள்ஸ் என்று ஐந்து அரசுகள், ஒன்றை ஒன்று விழுங்கவும் முடியாது, நம்பவும் முடியாது. பக்கத்து ஊர்க்காரன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும், அதற்கு ஆள் அங்கேயே இருந்தால்தான் முடியும். பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, மிலான் பிரபு ஆவதற்கு முன்பே, 1446இல் நிக்கோதெமோ திராங்கெதினி என்பவரை ஃபிளாரன்ஸில் உட்கார வைத்தார். 1454இல் லோதி உடன்படிக்கை ஏற்பட்டு சண்டை ஓய்ந்த பிறகு இந்தப் பழக்கம் நன்றாக வேரூன்றியது.

இதில் வெனிஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள். தூதர் ஊர் திரும்பியதும் செனட்டில் எழுந்து நின்று, அந்த ராஜா எப்படிப்பட்டவர், வருமானம் எவ்வளவு, படை எவ்வளவு, யார் பேச்சைக் கேட்பார் என்று நீண்ட அறிக்கை வாசிக்க வேண்டும். அந்தக் கால ராஜாக்களின் குணத்தைத் தெரிந்துகொள்ள வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். அப்புறம் வாசகி கேட்டதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: 1507இல் லண்டனில் ஸ்பெயினின் தூதராக இருந்தவர் ஒரு பெண், அரகோனின் கேத்தரின். கணவரை இழந்து, கைச்செலவுக்கே திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா பெர்டினாண்டுக்காக அந்த வேலையைப் பார்த்தார்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகர்): தூதர் கடன் வாங்கிவிட்டு ஏமாற்றினால்கூட போலீஸ் தொட முடியாதாமே? இது என்ன நியாயம்?

பதில்: கடன்காரர்கள் தொட்டுப் பார்த்ததால்தான் அந்தச் சட்டமே வந்தது! 1708இல் லண்டனில் ரஷ்யத் தூதர் மத்வேயேவ் ஊருக்குக் கிளம்பும் நேரம். பாக்கி வராமல் போய்விடுமோ என்று பயந்த வியாபாரிகள் ஆள் அனுப்பி, நடுத்தெருவில் அவருடைய வண்டியை மறித்து அவரை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜார் பீட்டருக்கு வந்த கோபத்தில் அவர்களுக்கு மரண தண்டனை கேட்டார். ராணி ஆன் மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று, தூதரைக் கைது செய்வதே குற்றம் என்று நாடாளுமன்றம் சட்டமும் போட்டது. தூதர்களுக்கான விதிகளை நாடுகள் ஒத்துக்கொண்ட 1961 வியன்னா ஒப்பந்தத்திலும் தூதரைக் கைது செய்யக் கூடாது என்றுதான் இருக்கிறது.

கடைக்காரர் பக்கம் நினைத்தால் எனக்கும் மனம் வலிக்கிறது. ஆனால் இங்கே ஒருவரைப் பிடித்தால் அங்கே நம் ஆளைப் பிடிப்பார்கள், அந்தப் பயம் எல்லா அரசுக்கும் உண்டு. அதற்காகத் தூதர் எது செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1584இல் எலிசபெத் ராணிக்கு எதிரான சதியில் ஸ்பெயின் தூதர் மென்டோசா சிக்கினார். சட்ட அறிஞர்களைக் கேட்டார்கள், சிறையில் போடவில்லை, நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். இன்றும் அதே வழிதான். தூதரை அனுப்பிய அரசு சம்மதித்தால் மட்டும் வழக்கு போடலாம்.