தர்பூசணியை நிறுத்த வேண்டுமா?

அன்புள்ள சார்,

அம்மாவுக்கு 54 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. முடக்குவாதம் என்று மெத்தோட்ரெக்சேட் தொடங்கியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்டி-சிசிபி மட்டும் மிக அதிகம். இதற்குக் காரணம் சிட்ருலின், அது தர்பூசணியில் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது என்கிறார் சித்தப்பா. அம்மாவுக்கு உயிரான பழம் அது. தம்பி வேறு சிகரெட் பிடிப்பவன். அவனுக்கும் வருமோ என்று பயமாக இருக்கிறது.

கவிதா

அன்புள்ள கவிதா,

அம்மா தர்பூசணி சாப்பிடட்டும். சித்தப்பா சொன்னதில் பாதி சரி. தர்பூசணியில் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் உண்டு. ஆனால் அது புரதத்தில் சேராமல் தனியாக இருக்கும் சிட்ருலின். நம் ஈரலும் யூரியா தயாரிக்கும் வழியில் அதை ஓயாமல் உண்டாக்குகிறது. புரதம் கட்டும்போது உடல் அதைக் கோர்ப்பதே இல்லை. மரபணுக் குறியீட்டில் அதற்கு இடமே கிடையாது.

நோயில் நடப்பது வேறு. கட்டி முடிந்த புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை, பிஏடி என்ற நொதி அந்த இடத்திலேயே சிட்ருலினாக மாற்றிவிடுகிறது. ஆர்ஜினினுக்கு நேர்மின்சுமை உண்டு, சிட்ருலினுக்கு இல்லை. அந்தச் சுமை போனால் புரதத்தின் வடிவமே மாறலாம். இந்த மாற்றம் மட்டுமே நோய் ஆகிவிடாது. தோல் வளரும்போதும் இது நடக்கிறது. சிலருடைய எதிர்ப்பு மண்டலம்தான் மாறிய புரதத்தை அந்நியம் என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபாடி தயாரிக்கிறது. சிசிபி பரிசோதனை பிடிப்பது அதைத்தான். ஆர்.ஏ. ஃபேக்டர் வேறொரு ஆன்டிபாடி. அதனால் ஒன்று நெகட்டிவாகவும் மற்றது பாசிட்டிவாகவும் வரலாம்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1964இல் நெதர்லாந்தில் நீன்ஹவுஸும் மாண்டெமாவும், கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த செல்களின் மேல் முடக்குவாத நோயாளிகளின் ரத்தச் சீரத்தை விட்டுப் பார்த்தார்கள். சீரத்தில் இருந்த ஏதோ ஒன்று, உட்கருவைச் சுற்றியிருந்த துகள்களில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டுவதற்குச் சிட்ருலின்தான் அவசியம் என்பது 1998இல்தான் தெரிந்தது. அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் இன்னொன்று செய்தார்கள். பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேர், அதற்கு முன்பே ரத்ததானம் செய்திருந்தார்கள். சேமித்து வைத்திருந்த அந்த ரத்தத்தைச் சோதித்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டு வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஆன்டிபாடியோ ஆர்.ஏ. ஃபேக்டரோ இருந்தது. அப்படியானால் பலருக்குத் தொடக்கம் மூட்டில் இல்லை.

பின் எங்கே? நுரையீரல் மேல் வலுவான சந்தேகம் உண்டு. 2006இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த செல்களில் இந்த மாறிய புரதம் தென்பட்டது. எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புள்ள எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் குறிப்பிட்ட வகை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து, புகைப்பழக்கமும் சேர்ந்தால், ஆன்டிபாடி உள்ள முடக்குவாதத்துக்கான வாய்ப்பு 21 மடங்கு வரை போனது. இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. ஈறு நோய்க் கிருமி ஒன்றுக்கும் இதே மாற்றத்தைச் செய்யும் நொதி உண்டு.

தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். மரபணுவை மாற்ற முடியாது, சிகரெட்டை நிறுத்த முடியும். வலியோ வீக்கமோ இல்லாதவரை அவனுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கினால் மட்டும் தள்ளிப்போடாமல் வாத நோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு அடிக்கடி சிசிபி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை மூட்டு வீக்கமும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளும் சொல்லும். முக்கியமாக, மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் பெரிய ஆபத்து. அந்தக் கிழமையை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.